கிரீம் ஏன் சில நாள் மட்டும் திரிகிறது?

முறையில் எந்த மாற்றமும் இல்லை. வெங்காயம் வதக்கி, தக்காளியை அரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்டு, கடைசியில் பெட்டி கிரீமைச் சேர்க்கிறோம். போன வாரம் குழம்பு வழவழவென்று வந்தது. இந்த வாரம் கரண்டியைச் சுழற்றுவதற்குள் வெள்ளை வெள்ளையாகத் துகள் பிரிந்து, ஓரத்தில் கலங்கல் நீர் நிற்கிறது. அடுப்பு, சட்டி, கிரீம் எல்லாம் அதேதான். பிறகு ஏன்?

நகரத்து ஓட்டல்களோடு நின்றிருந்த பனீர் மசாலாவும் காளான் கிரேவியும் இன்று கந்தர்வக்கோட்டை போன்ற ஊர்களின் வீட்டுச் சமையலுக்கும் வந்துவிட்டன. அவற்றோடு 200 மில்லி கிரீம் பெட்டியும் வந்துவிட்டது. ஆனால் அதைக் கையாளும் பழக்கம் நமக்கு வழிவழியாக வரவில்லை. பாலையும் தயிரையும் எப்போது கொதிக்கவிடலாம், எப்போது கூடாது என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கிரீம் விஷயத்தில் மட்டும் ஊகத்தில் ஓட்டுகிறோம். உண்மையில் தயிரில் தெரிந்த பாடம்தான் இங்கேயும் செல்லும்.

நமக்கு முன்பே தெரிந்த மூன்று விஷயங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம். திரட்டுப்பாலுக்கு மணிக்கணக்கில் பாலைக் காய்ச்சுகிறோம், நல்ல பாலாக இருந்தால் திரிவதில்லை. ஆகவே சூடு மட்டும் பாலைத் திரிக்காது. வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றி வைத்தால் இரவோடிரவாகப் புளித்துக் கட்டித் தயிராகிறது, அதிலும் துகள் பிரிவதில்லை. ஆகவே புளிப்பு மட்டும் வந்தாலும் துகள் வராது. மோர்க்குழம்பை மட்டும் நுரை கூடியதும் இறக்கிவிடுகிறோம், தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும் என்று. புளிப்பும் சூடும் சேரும் இடத்தில்தான் ஆபத்து.

பாலுக்குள் இரண்டு கூட்டம்

பால் என்பது நீரில் மிதக்கும் இரண்டு வகைத் துணுக்குகளின் கலவை. ஒன்று கொழுப்பு. அது நுண்ணிய துளிகளாக இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் அவற்றைத் திவலை என்று அழைப்போம். கறந்த பாலில் ஒரு திவலையின் விட்டம் சராசரியாக மில்லிமீட்டரின் 250-இல் ஒரு பங்கு. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. அதனால்தான் அவை ஒன்றோடொன்று கலந்து எண்ணெயாக மேலே வந்து நிற்பதில்லை.

இரண்டாவது கூட்டம் புரதம். பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது தனித்தனி மூலக்கூறாக இல்லாமல், சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கொத்துக் கொத்தாக இருக்கிறது. கேசீன் கொத்துகள் திவலைகளைவிட மிகச் சிறியவை. கொத்தின் வெளிப்புறத்தில் நுண்ணிய மயிர் போன்ற இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. ஒரு கொத்து இன்னொன்றை நெருங்கினால் இரண்டும் விலகிவிடும். பால் பாலாகவே இருப்பதற்குக் காரணம் இந்த விலகல்.

திரியும்போது துகளாவது கொழுப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிரீமில் கொழுப்பு அதிகம், ஆகவே கொழுப்பு பிரிந்துவிட்டது என்று. அப்படியில்லை. துகளாவது கேசீன்தான். கொழுப்பு அதில் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவே. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

தக்காளி செய்யும் வேலை

புளிப்பை அளக்க பி.எச். என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தண்ணீர் 7. நல்ல பாலும் கிரீமும் 6.6, 6.7 அளவில் இருக்கும். தக்காளி பெரும்பாலும் 4.2-க்கும் 4.6-க்கும் இடையில். புளி அதைவிடக் கீழே, ஏறத்தாழ 3.

பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது கேசீனின் எதிர்மின்னேற்றம் முழுவதும் அழிந்துவிடுகிறது. விலக்கும் சக்தி போய்விட்டால் கொத்துகள் ஒட்டத் தொடங்கும். வெதுவெதுப்பில் மெதுவாக ஒட்டினால் சீரான வலையாகி, நீரையும் கொழுப்பையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதுதான் தயிர். கொதிக்கும் சூட்டில் ஒட்டினால் வலை பின்ன அவகாசம் இல்லை. மோதிய கொத்துகள் மோதிய இடத்திலேயே இறுகி, நீரை வெளியே தள்ளித் துகளாகும். கொதிநிலையில் இதற்கு 4.6 வரைகூடக் காத்திருக்க வேண்டாம், 5-ஐத் தாண்டிய பி.எச்.சிலேயே நடந்துவிடும்.

தக்காளியை நன்றாக வதக்கினால் புளிப்பு போய்விடும் என்று சொல்வதுண்டு. பச்சை வாசனை போகும், உண்மைதான். புளிப்பு போகாது. தக்காளியில் இருக்கும் சிட்ரிக் அமிலம் ஆவியாகாத வகை. நீர் வற்ற வற்ற அது செறிவாகிறது. சர்க்கரை சேர்ப்பதும் நாக்குக்குத்தான் இதம், கேசீனுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. நாட்டுத் தக்காளியில் செய்த நாளன்று கிரீம் திரிந்து, புளிப்புக் குறைந்த பெங்களூர்த் தக்காளியில் திரியாமல் போனால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கொழுப்பின் காவல்

இனி முக்கியமான இடம். வெறும் பாலைத் தக்காளிக் குழம்பில் ஊற்றினால் உறுதியாகத் திரியும். கொழுப்பு மிகுந்த கெட்டிக் கிரீமை ஊற்றி, கொதிக்கவே விட்டாலும் பெரும்பாலும் திரியாது. இரண்டிலும் கேசீன் உண்டு. வேறுபாடு எங்கே?

பாலைச் சூடாக்கும்போது கேசீன் கொழுப்புத் திவலைகளின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. திவலைகள் நிறைய இருந்தால் ஒட்டுவதற்கு இடமும் நிறைய. நீரில் சும்மா அலையும் கேசீன் குறைந்துவிடும். துகள் கட்ட ஆள் இல்லை. எடையில் ஏறத்தாழ 25 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தால் கேசீனின் பெரும்பகுதிக்கு இப்படி இடம் கிடைத்துவிடுகிறது என்பது சமையல் அறிவியலாளர்கள் சொல்லும் கணக்கு.

இந்த 25 என்ற எண் நமக்கு மிகவும் வேண்டியது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி குறைந்த கொழுப்புக் கிரீமில் குறைந்தது 25 சதவீதம், நடுத்தர வகையில் 40, மிகு கொழுப்பு வகையில் 60 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். கடையில் ‘ஃப்ரெஷ் கிரீம்’ என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 25 சதவீத வகை. அமெரிக்காவில் 18 முதல் 30 சதவீதம் வரை லைட் கிரீம் என்பார்கள், 36-க்கு மேல் போனால்தான் ஹெவி கிரீம். சமையல் காணொளிகளில் வெளிநாட்டார் கிரீமை ஊற்றிக் கொதிக்கவிடுவதைப் பார்த்து நாமும் விடுகிறோம். அவர்கள் கையில் இருப்பது 36. நம் கையில் இருப்பது எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும் 25. கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தால் திரியும், கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்தால் தப்பிக்கும். ‘சில நாள் மட்டும்’ என்பதன் வேர் இதுதான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கிரீம் பெட்டியில் நிற்கும்போது பிரியாமல் இருக்க, ஆலையில் அதை நுண்துளை வழியே பேரழுத்தத்தில் செலுத்தித் திவலைகளை உடைக்கிறார்கள். இதை ஒருபடியாக்கல் எனலாம். பிரான்சின் ஆகுஸ்த் கோலின் 1899-இல் காப்புரிமை பெற்ற முறை. ஒரு கொழுக்கட்டை அளவு மாவைச் சின்னச் சின்னச் சீடைகளாக உருட்டினால் மேற்பரப்பு எவ்வளவு கூடும் என்று எண்ணிப்பாருங்கள். திவலையின் விட்டம் நான்கில் ஒன்றானால் மொத்த மேற்பரப்பு நான்கு மடங்காகும். கேசீன் ஒட்ட இடம் பெருகுகிறது, நல்லதுதான். ஆனால் கேசீன் போர்த்திய திவலைகளே புளிப்பில் ஒன்றோடொன்று ஒட்டவும் கூடும். அதனால் 25 சதவீதத்தை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு பெட்டி, ஒரு டம்ளர்

நான்கு பேருக்குக் கிரேவி. 200 மில்லி பெட்டி ஒன்று. கணக்கு எளிதாக இருக்க அதை 200 கிராம் என்றே கொள்வோம். 25 சதவீதம் என்றால் கொழுப்பு 50 கிராம். கேசீன் ஏறத்தாழ 4 கிராம். ஆகவே ஒரு கிராம் கேசீனுக்குக் காவல் நிற்பது 12 கிராமுக்குச் சற்று மேற்பட்ட கொழுப்பு.

குழம்பு கெட்டியாகத் தெரிகிறது. கையருகே பால் இருக்கிறது. ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, ஆவின் நீல நிறப் பாக்கெட் பாலை ஊற்றுகிறோம். அது 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பால். அதன்மூலம் வந்து சேரும் கொழுப்பு வெறும் 6 கிராம். கேசீனோ 5 கிராம், அதாவது கிரீமில் இருந்ததைவிட அதிகம். இப்போது மொத்தம் 56 கிராம் கொழுப்பு, 9 கிராம் கேசீன். ஒரு கிராம் கேசீனுக்குக் காவல் 6 கிராம்தான். ஒரே டம்ளரில் பாதியாகிவிட்டது.

பாலுக்குப் பதில் அதே டம்ளரில் வெந்நீரை ஊற்றியிருந்தால்? கொழுப்பு 50, கேசீன் 4. காவல் மாறவே இல்லை. கேசீன் இன்னும் நீர்த்துப்போனதால் கொத்துகள் மோதிக்கொள்ளும் வாய்ப்பும் குறைகிறது. குழம்பைத் தளர்த்தப் பாலைவிடத் தண்ணீர் பாதுகாப்பானது என்பது பலருக்கு நம்பமுடியாததாக இருக்கும். பால் ஊற்றினால் செழிப்பு கூடும், தண்ணீர் ஊற்றினால் நீர்த்துவிடும் என்றுதான் நம் கை பழகியிருக்கிறது. தக்காளிச் சட்டியில் அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஆரஞ்சு நிறப் பாக்கெட்டின் 6 சதவீத நிறைகொழுப்புப் பாலை ஊற்றினால் தப்பிக்கலாமா? 12 கிராம் கொழுப்போடு 5 கிராமுக்குச் சற்று மேலே கேசீனும் வருகிறது. பெரிய வித்தியாசம் இல்லை. 40 சதவீதக் கிரீம் கிடைத்தால் கதையே வேறு. 200 கிராமில் 80 கிராம் கொழுப்பு, கேசீன் 3 கிராம்தான். காவல் 26-க்கு மேல்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு வழியும் கிடைக்கிறது. குளிர்பெட்டியில் சில மணிநேரம் அசையாமல் நின்ற பெட்டியைத் திறந்தால் மேலே கெட்டியாகவும் அடியில் நீர்த்தும் இருப்பதுண்டு. மேல்பகுதியில் கொழுப்பு செறிவு, அடியில் கேசீன் மிகுந்த நீர். தக்காளிக் குழம்புக்கு மேல்பகுதியை எடுத்துக்கொண்டு, அடிநீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம். புளிப்பில்லாத பாயசத்துக்கோ பழக்கலவைக்கோ என்றால் பெட்டியை நன்றாகக் குலுக்கி முழுவதையும் ஊற்றலாம்.

வீட்டில் பால் காய்ச்சி எடுத்த ஆடையைக் கிரீமுக்குப் பதில் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆடை என்பது சூட்டில் மேற்பரப்பு நீர் ஆவியாகி, புரதம் தோலாகப் படிந்து, கொழுப்பைப் பிடித்துக்கொண்ட படலம். அந்தப் புரதம் முன்பே இறுகிப்போனது. குழம்பில் அதன் துணுக்குகள் தெரிந்தால் திரிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். மிக்சியில் ஒரு சுற்று விட்டுச் சேர்த்தால் போதும்.

ஊர்ச் சரக்கு

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் கந்தர்வக்கோட்டையைத் தாண்டினால் செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் தொடங்கிவிடும். ஆதனக்கோட்டையில் சாலையோரத்திலேயே வறுத்து உடைத்து விற்கிறார்கள். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரம், இந்த வறண்ட மண்ணில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. கிரீம் திரியாமல் காப்பாற்றும் பொருள் இந்த ஊரிலேயே விளைகிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

முந்திரிப் பருப்பில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பு. அதோடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மாவுச்சத்தும் இருக்கிறது, கடலையிலும் பாதாமிலும் இல்லாத அளவு. ஊறவைத்து அரைத்த விழுது குழம்பில் கொதிக்கும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிக் குழம்பைக் கெட்டியாக்குகிறது. அந்தக் கெட்டியில் கேசீன் கொத்துகள் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டுவது கடினம். அதனால் விழுதைக் கிரீமுக்கு முன்பே சேர்த்து ஐந்து நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும், மாவுச்சத்து வேகாமல் பயனில்லை. முழுப்பருப்புத் தேவையில்லை. விலை குறைந்த உடைசல் போதும், அரைக்கத்தானே போகிறோம்.

சில நிறுவனங்கள் கிரீமில் நிலைப்படுத்தியாகச் சேர்க்கும் காராஜீனன் செய்வதும் இதற்குத் தொலைவில் இல்லை. அது கேசீனின் வெளிப்புறத்தோடு பிணைந்து ஒட்டாமல் தடுக்கிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பொருள். அதற்கான செம்பாசி ராமநாதபுரம், புதுக்கோட்டைக் கடலோரங்களில் வளர்க்கப்படுகிறது.

முந்திரி விழுது வெந்த பிறகு அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும், ஒரு கரண்டி சூடான குழம்பைக் கிரீமில் ஊற்றிக் கலந்து, அந்தக் கிரீமைச் சட்டியில் ஊற்றினால் முடிந்தது. மறுபடி கொதிக்கவிடும் தேவை எதுவும் இல்லை. பெட்டி கிரீம் முன்பே ஆலையில் காய்ச்சப்பட்டதுதான்.

தேங்காய்ப்பாலின் கதை வேறு

முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்குமுன் இறக்குவது நமக்கு மரபு. வழி ஒன்றானாலும் காரணம் வேறு. தேங்காய்ப்பாலில் கேசீன் இல்லை. அதன் கொழுப்பைத் துளிகளாகப் பிடித்து வைத்திருக்கும் புரதங்கள் சூட்டுக்கு மட்டுமே தோற்றுவிடுபவை, 80 டிகிரி அளவிலேயே நிலைகுலையத் தொடங்கும். புளிப்பு இல்லாவிட்டாலும் பிரியும். பிரிந்தால் மேலே நிற்பது எண்ணெய்.

பெட்டி திறந்த பிறகு

சமைப்பதும் சேமிப்பதும் தனித்தனிப் பேச்சு என்று தோன்றும். கிரீமைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஏனென்றால் சேமிப்பில் நேரும் முதல் மாற்றம் பி.எச். இறங்குவது.

திறக்காத பெட்டி வெளியிலேயே மாதக்கணக்கில் தாங்குகிறது. கிரீமை 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் காய்ச்சி, கிருமியற்ற சூழலில், தாளும் அலுமினியமும் பாலித்தீனும் அடுக்கிய பெட்டியில் அடைக்கிறார்கள். உள்ளே வளர நுண்ணுயிர் இல்லை, வெளியிலிருந்து நுழைய வழியில்லை. மின்தடை வந்தாலும் கவலை இல்லை.

கத்தரி பட்ட கணத்தில் இந்தப் பாதுகாப்பு முடிந்தது. சித்திரை வெயிலில் கந்தர்வக்கோட்டைச் சமையலறை எளிதாக 35 டிகிரியைத் தாண்டும். லாக்டிக் நுண்ணுயிர்களுக்கு அதைவிட நல்ல சூழல் கிடையாது. நாம் தயிர் உறைய வைப்பதும் அந்தச் சூட்டில்தான். சமைத்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை மேடையில் நின்ற கிரீம் மூக்குக்குக் கெட்டதாகத் தெரியாது. 6.6 சற்றே இறங்கியிருந்தால் போதும். மறுநாள் தக்காளியின் கொஞ்சப் புளிப்பே அதைக் கவிழ்த்துவிடும். மாலை டிகாக்‌ஷனில் காலைப் பால் திரிவதும் இப்படித்தான்.

ஆகவே தேவையானதை ஊற்றியதும் மீதியை ஈரமில்லாத கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றி, மூடி, குளிர்பெட்டியின் உள்தட்டில் பின்பக்கமாக வைக்க வேண்டும். கதவுத் தட்டு திறக்கும்போதெல்லாம் சூடாகும். மூடி அவசியம். மணம் தரும் பொருள்களில் பல கொழுப்பில் கரைபவை, பக்கத்தில் இருக்கும் பூண்டையும் மல்லிகைச் சரத்தையும் கிரீம் விரைவில் இழுத்துக்கொள்ளும். எத்தனை நாள் என்பதற்குப் பெட்டியில் அச்சிட்டிருப்பதே அளவு, பொதுவாக மூன்று நாளைத் தாண்டாது. புளிப்பு வாடை தொடங்குமுன் கசப்பு வந்தால் அது வேறு கூட்டத்தின் வேலை. குளிரிலும் வளரும் சில நுண்ணுயிர்கள் புரதத்தை வெட்டிக் கசப்பையும், கொழுப்பை வெட்டிக் காறல் வாடையையும் உண்டாக்கும். அப்படி வந்த கிரீமைக் கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்தாலும் அந்தச் சுவை போகாது.

நெய்க்காக நாள்தோறும் ஆடை சேர்ப்பவர்கள் அதில் ஒரு கரண்டி தயிர் கலந்து வைப்பதன் பொருளும் இங்கேதான். லாக்டிக் நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு பெருகிப் புளிப்பைக் கூட்டினால் கசப்பும் காறலும் தரும் கூட்டம் தலையெடுக்க முடியாது. கடைவதற்குப் புளிப்பு இடைஞ்சல் இல்லை, உதவி.

உறைய வைக்கலாமா?

கிரேவிக்கு வேண்டாம். உறையும்போது நீர் கூரிய பனிப்படிகங்களாகிறது. அவை திவலைகளின் சவ்வைக் கிழிக்கின்றன. உருகியதும் கிழிந்த திவலைகள் ஒன்றாகி வெண்ணெய்த் துணுக்குகளாகும், மீதி நீர்த்துப்போகும். திவலைகள் குறைந்தால் மேற்பரப்பு குறைகிறது, கேசீனுக்கு ஒட்ட இடமும் குறைகிறது. 25 சதவீதக் கொழுப்பு அப்படியே இருக்கும், அதன் காவல் மட்டும் போய்விடும்.

நெய்க்கான ஆடைக்கு இதே சேதம் வரம். நாம் கடைந்து செய்ய வேண்டிய வேலையில் பாதியை, சவ்வைக் கிழித்துத் திவலைகளைச் சேர்க்கும் வேலையை, பனி செய்துவிடுகிறது. உறைபெட்டியில் சேர்த்த ஆடையைக் குளிர்ந்த நீர்விட்டு மிக்சியில் அடித்தால் வெண்ணெய் சட்டென்று திரள்வது அதனால்தான்.

மீந்த பெட்டி கிரீமை அப்படிக் கடைய முயல்வது வீண் உழைப்பு. ஒருபடியாக்கலில் பொடிந்த திவலைகள் எளிதில் திரளாது. கெடுவதற்கு முன் அடிகனமான பாத்திரத்தில் நேராகக் காய்ச்சினால் நீர் வற்றிப் புரதம் சிவந்து நெய் பிரியும். அரைப் பெட்டியில் 25 கிராம் கொழுப்பு. கசடில் போவது போக, ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் மேலே நெய் கிடைக்கும்.